மங்கிய அலுமினியம் மீண்டும் மின்னுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று நம் முன்னோர் கூறியுள்ளனர். அது உண்மையே. ஆனால் மின்னாததெல்லாம் குப்பையல்ல என்பதும் உண்மை. இதை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டுப் பழைய மோட்டார் சைக்கிள்.

என் தாத்தா 1972-ஆம் ஆண்டு ஒரு புல்லட் வாங்கினார். அவர் இறைவனடி சேர்ந்த பின் ஆறு ஆண்டுகள் அது கொல்லைப்புறத்தில் தார்ப்பாயின் கீழ் நின்றது. சென்ற ஆண்டு பழைய இரும்பு எடுப்பவர் வந்து பார்த்தார். எஞ்சின் சாம்பல் நிறமாகி, ஆங்காங்கே வெண்பொடி பூத்திருந்தது. "அலுமினியம் எல்லாம் செத்துப் போச்சுங்க. எடைக்குத்தான் எடுக்க முடியும்" என்றார். கிறிஸ்துமஸுக்கு முன் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. விலகியிருந்த தார்ப்பாயைச் சரியாக இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அதைப் பார்த்த நான் அப்பாவிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அந்த ஒரு மாதத்தில் நான் கற்றதை என் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலுமினியம் என்னும் உலோகம்

அலுமினியம் இன்று நம் அடுக்களையில் மலிவாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அது அரிய பொருளாக இருந்தது. 1825-ஆம் ஆண்டில்தான் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் அதை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தார். 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் மின்சாரத்தின் உதவியால் அதைப் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். அதன் பிறகே விலை இறங்கியது. நம் ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் கிடைக்கும் பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து இவ்வுலோகம் கிடைக்கிறது.

இதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். இரும்போ ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். இலேசாக இருப்பதாலும், வெப்பத்தை விரைவில் கடத்துவதாலும், அச்சில் வார்க்க எளிதாக இருப்பதாலும் வண்டியின் எஞ்சின் உறைகள், சக்கரத்தின் ஹப், பிரேக் லீவர் முதலியவற்றை இதனால் செய்கிறார்கள். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய காலத்திலிருந்தே அவற்றின் எஞ்சின் உறைகள் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய அலுமினியமாக இருந்தன.

ஒளி எங்கே போயிற்று?

இரும்பு துருப்பிடித்தால் துரு உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பும் அழியும். அலுமினியம் அப்படியன்று. அதன் புதுப்பரப்பு காற்றில் பட்டவுடனேயே ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் உண்டாகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. கண்ணாடி போல் ஒளியை உள்ளே விடும் இப்படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. ஆகவே மங்கலுக்கு இப்படலம் காரணமல்ல.

உண்மையான காரணங்கள் மூன்று. முதலாவது, ஈரமும் உப்பும் சேறும் நெடுநாள் படிந்து படலத்தைத் துளைத்துச் சிறு சிறு குழிகளை உண்டாக்குகின்றன. நாம் காணும் வெண்பொடி அதன் விளைவே. இரண்டாவது, வண்டியில் வரும்போது சில பாகங்களின் மேல் பூசியிருக்கும் தெளிவான வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, செதில் செதிலாக உரிகிறது. மூன்றாவது, மண்ணும் துணியும் காலணியும் உரசி எண்ணற்ற கீறல்கள் விழுகின்றன.

கீறல் விழுந்தால் ஏன் மங்க வேண்டும்? அறிவியல் பாடத்தில் ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று இரண்டு படித்திருக்கிறோம். அசையாத குளத்தில் முகம் தெரியும். காற்றடித்து அலை எழுந்தால் தெரியாது. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். உலோகமும் அவ்வாறே. பரப்பின் மேடு பள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருந்தால் பரப்பு கண்ணாடியாகும். பெரியனவாக இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறி, சாம்பல் நிறமாகத் தோன்றும்.

நல்ல அலுமினியப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியின் மேல் பூசியிருப்பதும் அலுமினியமே. ஆகவே எங்கள் வண்டியின் அலுமினியம் செத்துப்போகவில்லை. அதன் முகம் கரடுமுரடாகி இருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்த பெருந்தவறு

இவ்வளவும் நான் பிறகு கற்றவை. முதலில் ஆர்வக் கோளாறினால் ஒரு தவறு செய்தேன். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் மாமா எஞ்சினைப் பிரித்தபோது, அதன் உறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அப்பாவை அசத்த வேண்டும் என்று எண்ணி, சாக்கடை அடைப்பு நீக்க வைத்திருந்த காஸ்டிக் சோடாவைக் கரைத்து இடப்பக்கத்து உறையின் மேல் ஊற்றினேன். நுரை பொங்கிற்று. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். கழுவிப் பார்த்தபோது உறை அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. அழுதுவிட்டேன்.

நடந்தது என்ன? அலுமினியம் அமிலத்தோடு மட்டுமன்றிக் காரத்தோடும் வினைபுரியும். காஸ்டிக் சோடா முதலில் காப்புப் படலத்தைக் கரைத்தது. பிறகு உலோகத்தையே கரைத்தது. பொங்கியது அழுக்கின் நுரையன்று, ஹைட்ரஜன் வாயு. எஞ்சின் உறைகள் தூய அலுமினியம் அல்ல. வார்ப்பதற்கு எளிதாகச் சிலிக்கன் முதலியவை கலந்திருக்கும். அலுமினியம் கரைந்து போக, அவை கரும்பொடியாக மேலே எஞ்சின. இந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்! ஏட்டில் இருந்தது கைக்கு வரவில்லை.

காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் கெடுக்கும், ஹைட்ரஜன் தீப்பற்றும். எனவே அதை எவரும் அலுமினியத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம். சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். நம் தாய்மார்கள் இதை அறிவார்கள்.

அப்பா திட்டவில்லை. "கறுத்தது மேல்தோல்தானேம்மா, தேய்த்துப் பார்" என்றார்.

தேவையான பொருள்கள்

மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்பு, ஒரு வாளித் தண்ணீர், பழைய பருத்தித் துணி, மெட்டல் பாலிஷ் பசை, சிறிது மெழுகு, பிறகு வாட்டர் பேப்பர் எனப்படும் கறுப்பு நிற உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 320, 400, 600, 800, 1000, 1500, 2000 ஆகிய எண்களில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எண் கூடக் கூடத் தாள் நயமாகும். 'பி 400' என்று அச்சிட்ட தாளில் துகளின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரான். 'பி 2000' தாளில் சுமார் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இத்தாளில் ஒட்டியிருக்கும் துகள் சிலிக்கன் கார்பைடு. 1891-இல் அமெரிக்கரான அச்செசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள் இது. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரம் 10. சிலிக்கன் கார்பைடு 9-க்குச் சற்று மேல். அலுமினியம் 3-க்கும் கீழ். எனவே இத்துகள் அலுமினியத்தை எளிதில் சீவிவிடுகிறது.

செய்முறை

முதலில் பாகத்தை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கிரீசை நீக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பழைய வார்னிஷ் இருந்தால் அதை முற்றும் நீக்கிய பிறகே தேய்க்கத் தொடங்கலாம். பெயின்ட் நீக்கும் மருந்து நச்சுப்புகை விடும். அதைப் பெரியவர்கள் திறந்த வெளியில் செய்யட்டும்.

புல்லட்டின் வலப்பக்கத்து உறைக்குள் எண்ணெய் ஓடும் துளைகள் உண்டு. அவற்றைத் துணியால் அடைத்துவிட வேண்டும். ஒரு சிட்டிகைத் துகள் உள்ளே தங்கினாலும், எண்ணெயோடு கலந்து ஓடி எஞ்சினைத் தேய்த்துவிடும்.

பிறகு தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரிரு துளி சோப்பு விட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர், சீவிய பொடியை உடனுக்குடன் கழுவிச் செல்லும்; தாள் அடைத்துக்கொள்ளாது; தூசி பறந்து மூக்கில் ஏறாது. சமதளமான இடத்தில் தாளை ரப்பர்க் கட்டையில் சுற்றியும், வளைந்த இடத்தில் விரல்களாலும் தேய்க்கலாம்.

இனிச் சொல்வதுதான் இக்கலையின் உயிர்நாடி. 400-ஆம் தாளில் இடம் வலமாகத் தேய்த்தால், 600-ஆம் தாளில் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். அப்போது பழைய கோடுகள் குறுக்கே தெரியும். அவற்றில் ஒன்றுகூட இல்லாமல் மறையும் வரை அடுத்த தாளைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தாளின் வேலையும் தனக்கு முந்திய தாள் போட்ட கீறலை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய கீறலைப் போடுவதே. மாற்றும்போது பாகத்தையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். பழைய தாளின் ஒரு பருந்துகள் ஒட்டியிருந்தாலும் அது புதுக் கோடு போட்டுவிடும்.

இங்கேயும் நான் ஒரு முறை ஏமாந்தேன். கை வலித்ததால் 400-இலிருந்து நேராக 1500-க்குத் தாவினேன். தண்ணீர் ஈரத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. காய்ந்து பாலிஷ் போட்டதும், பளபளப்புக்கு நடுவே ஆழமான கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மெக்கானிக் மாமா பார்த்துவிட்டு, "பாப்பா, படியைத் தாண்டிட்டியா? திரும்ப 600-க்கு இறங்கு" என்றார். தாவியதால் மூன்று மாலைகள் வீணாயின.

2000-ஆம் தாள் முடிந்ததும் பரப்பு பால்போல் மங்கலாக, ஆனால் வழவழப்பாக இருக்கும். அப்போது பருத்தித் துணியில் பாலிஷ் பசையைச் சிறிதளவு எடுத்து, சிறு வட்டங்களாக அழுத்தித் தேய்க்க வேண்டும். துணி மையாகக் கறுக்கும். பயப்பட வேண்டாம். பாலிஷிலுள்ள நுண்துகள்கள் சீவிய அலுமினியமே அந்தக் கறுப்பு. அது காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்தால், மேகம் விலகி நிலவு வருவது போல் ஒளி வெளிப்படும். நான் முதன்முதலில் அதில் என் மூக்கைக் கண்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கடைசியில் மண்ணெண்ணெயாலும் சோப்புத் தண்ணீராலும் துளைகள் உட்பட நன்றாக அலசி, துடைத்து, மெல்லியதாக மெழுகு பூச வேண்டும். மெழுகு ஈரம் ஒட்டாமல் காக்கும். மழையில் நனைந்த வண்டியை அன்றே துடைத்துவிட்டால் ஒளி நெடுநாள் நிற்கும். ஓர் உறைக்கு எனக்கு எட்டு மாலைகள் ஆயின.

கவனிக்க வேண்டியவை

எஞ்சின் எண் பொறித்த இடத்தை ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அது வண்டியின் அடையாளம். அழிந்தால் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டி வரும்.

பிரேக் பிடிக்கும் பரப்புகளில் பாலிஷும் மெழுகும் படவே கூடாது. படுமானால் பிரேக் வழுக்கும். பிரேக் லீவரில் மெல்லிய வெடிப்பு கண்டால் மெருகேற்ற வேண்டாம். புதியது மாற்ற வேண்டும்.

நிறமேற்றிய அனோடைஸ் செய்த பாகங்களைத் தேய்க்க வேண்டாம். அவற்றில் ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால் வேண்டுமென்றே தடிப்பாக்கியிருப்பார்கள். தேய்த்தால் நிறமும் காப்பும் ஒருங்கே போகும். இரும்பு நார் கொண்டும் தேய்க்க வேண்டாம். அது ஆழமாகக் கீறும். ஒடிந்த நார் பதிந்து துருப்பிடிக்கும்.

பட்டறைகளில் சுழலும் துணிச் சக்கரத்தில் பஃப் செய்வார்கள். வேலை விரைவில் முடியும். ஆனால் சக்கரம் பாகத்தைக் கையிலிருந்து பறித்து எறியக் கூடும். பின்னல் தொங்க, துப்பட்டா பறக்க அதன் அருகே ஒருபோதும் நிற்காதீர்கள். உலர்ந்த அலுமினியத் தூசி காற்றில் நிறைந்தால் பொறி பட்டுத் தீப்பற்றவும் கூடும். நம் போன்றோருக்குக் கையும் தண்ணீருமே போதும்.

ஒரு கீறலின் கதை

இடப்பக்கத்து உறையின் காஸ்டிக் கறுப்பு 400-ஆம் தாளிலேயே போய்விட்டது. வலப்பக்கத்து உறையில்தான் சிக்கல். அதன் கீழ் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய கீறல் இருந்தது. நகத்தை ஓட்டினால் மாட்டிக்கொண்டது. எந்தத் தாளுக்கும் அது அசையவில்லை.

மாமாவிடம் கேட்டேன். "எடுக்கலாம் பாப்பா. ஆனால் கீறலை எடுக்க முடியாது. அதைச் சுற்றியிருக்கிற உலோகத்தைத்தான் அந்த ஆழத்துக்கு இறக்க முடியும். உறை மெலிந்துவிடும். பார்த்துக்கொள்" என்றார்.

அதுவரை நான் பளபளப்பு என்பது நாம் பூசும் ஒன்று என்றே எண்ணியிருந்தேன். அன்றுதான் விளங்கிற்று. நாம் எதையும் பூசவில்லை, எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எடுத்த உலோகம் திரும்பி வராது. ஆகவே எவ்வளவு தேய்ப்பது என்பதைப் போலவே, எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவும் நானும் திண்ணையில் அமர்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். பாட்டி வந்து உறையை மடியில் வாங்கினார். கீறலை விரலால் தடவினார். "வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்பும்போது மழையில் சறுக்கியது. நானும் பின்னால் இருந்தேன். எனக்கு அடிபட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் உன் தாத்தா வண்டியைத் தூக்கினார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் 600-ஆம் தாளை மடித்து வைத்துவிட்டேன். கீறலைச் சுற்றியுள்ள இடத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டேன்.

முடிவுரை

ஒரு மாதத் தவணை முடிந்த அன்று இரும்பு எடுப்பவர் மீண்டும் வந்தார். உறைகள் பூட்டிய எஞ்சினைப் பார்த்துவிட்டு, "இதே வண்டிங்களா?" என்று கேட்டார். "இதே வண்டிதான். கொடுப்பதாக இல்லை" என்றார் அப்பா. எஞ்சினுக்குள் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அதை மாமா பார்த்துக்கொள்வார்.

அன்புத் தோழியரே! 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பர். பத்து மைக்ரான் துகள் ஊர்ந்தே எங்கள் புல்லட்டுக்கு முகம் வந்தது. மறைக்கல்வி வகுப்பில், ஆன்ம சோதனை செய்யும்போது பெரிய குற்றங்களோடு நின்றுவிடாமல் சிறியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்வார்கள். 400-க்குப் பின் 600, 600-க்குப் பின் 800 என்று தேய்த்தபோது அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒளி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. படி தாண்டாமல், பொறுமையாக, மறைப்பதை மட்டும் நீக்கினால் போதும்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் தார்ப்பாயின் கீழ் ஏதேனும் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள்.